ஹேங்ஓவர் சூப்: அடுப்பில் கெட்டுப்போவது எங்கே?

குடித்த மறுநாள் காலைக்கென்றே கொரியாவில் ஒரு சூப் குடும்பம் இருக்கிறது. பெயர் ஹேஜாங்குக். சோயாபீன் முளை, காய்ந்த பொல்லாக் மீன், உறைந்த மாட்டு ரத்தம் என்று பல வகை. சியோலின் சோங்ஜின்டோங் பகுதி இதற்குப் பேர்போனது. 1937-இல் தொடங்கிய கடை ஒன்று இன்றும் இதையே விற்கிறது.

இந்த சூப் ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை விரட்டும் என்று நம்புவதுதான் முதல் தவறு. அந்த வேலையைக் கல்லீரல் தன் வேகத்தில் செய்யும்; எதைக் குடித்தாலும் வேகம் அதிகரிக்காது. ஆனால் மது, உடம்பில் நீரைத் தக்கவைக்கும் வாசோபிரசின் ஹார்மோனை அடக்குவதால் நீர் நிறைய வெளியேறியிருக்கும். இரைப்பைச் சவ்வு புண்பட்டிருக்கும். மதுவை எரிப்பதிலேயே மும்முரமாக இருக்கும் கல்லீரலால் புதிய சர்க்கரையைச் சரியாகத் தயாரிக்க முடியாது. தண்ணீர், அளவான உப்பு, கொஞ்சம் சோறு: சூப் கொடுப்பது இவ்வளவுதான். வாந்தியும் சோர்வுமாக இருக்கிறவருக்கு இதுவே பெரிய உதவி.

ஜோன்ஜு நகரத்துச் சோயா முளை சூப்பை (கொங்னாமுல் குக்) வீட்டில் வைப்பது சுலபம். கெடுப்பதும் சுலபம். பச்சைப்பயறு முளையைப் போடாதீர்கள். அது ஓரிரு நிமிடத்தில் துவண்டுவிடும். சோயா முளைக்கு மஞ்சள் நிறத் தலை, தடித்த தண்டு. அந்தத் தலை நன்றாக வேக வேண்டும். பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. ஏற்கெனவே கலங்கிய வயிற்றுக்கு அது ஆகாது. வால் போன்ற வேரைக் கிள்ளி எறியவும் வேண்டாம். ஹேங்ஓவருக்கு நல்லதென்று கருதப்படும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் அதில்தான் மிகுதி என்று சொல்லி, கொரியர்கள் பலர் வேரோடுதான் போடுகிறார்கள்.

எல்லாரும் சறுக்குவது மூடியில். வெந்ததா என்று பார்க்க நடுவில் திறந்தால் சூப்பில் வேகாத சோயாவின் வாடை ஏறிவிடும். சோயாவில் உள்ள லிபாக்ஸிஜினேஸ் என்ற நொதி, கொதிநிலைக்குக் கீழே சூடு இறங்கும்போது வேலை செய்து அந்த வாடையைக் கிளப்பும். ஆகவே கொதிக்கும் தண்ணீரில் முளையைப் போட்டு, ஆரம்பம் முதல் கடைசிவரை திறந்தே வேகவிடுங்கள். அல்லது மூடினால் ஏழெட்டு நிமிடம் தொடவே தொடாதீர்கள். திறந்து வைப்பதே பாதுகாப்பான வழி.

இரண்டு பேருக்கு 200 கிராம் முளை, ஒரு லிட்டர் தண்ணீர், பெரிய காய்ந்த நெத்திலி 10 அல்லது 12, உள்ளங்கையளவு ‘கொம்பு’ என்ற வகைக் கடற்பாசி, நசுக்கிய பூண்டு மூன்று பல், ஒரு வெங்காயத்தாள். நெத்திலியின் தலையையும் குடலையும் கிள்ளிவிடுங்கள். கசப்பு அங்கிருந்துதான் வரும். வெறும் சட்டியில் ஒரு நிமிடம் வறுத்தபின் தண்ணீர் ஊற்றினால் கவிச்சி குறையும். தண்ணீர் கொதி வந்ததும் கடற்பாசியை எடுத்துவிட வேண்டும். விட்டால் வழவழப்பு இறங்கும். நெத்திலி மட்டும் இன்னும் 10 நிமிடம் கிடக்கட்டும். பிறகு வடிகட்டி முளையைப் போடலாம். நம் ஊர் உப்பு நெத்திலிக் கருவாடு என்றால் இரண்டு மூன்று முறை அலசி, கடைசியில் ருசி பார்த்தபின் மட்டும் உப்பு சேருங்கள். கடைகளில் சேவுஜோட் என்ற உப்பிட்ட இறால் ஊறலை மேசையில்தான் வைப்பார்கள், அவரவர் நாக்குக்கு ஏற்பப் போட்டுக்கொள்ள.

காரம் போட்டால் வியர்த்து போதை தெளியும் என்று மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுகிறார்கள். புண்பட்ட இரைப்பை எரிச்சலோடு திருப்பியனுப்பிவிடும். கொரிய மிளகாய்த்தூள் அவ்வளவு காரமில்லாதது. நம் தூள் என்றால் கால் தேக்கரண்டி போதும்.

பொல்லாக் சூப்பில் (புகோ குக்) தவறு வேறு விதம். இந்த மீன் உப்பில்லாமல் காய வைக்கப்படுவது. கங்வான் மாநில மலைப்பகுதிகளில் குளிர்கால உறைபனியில் உறைந்தும் உருகியும் காய்வதற்கு ஹ்வாங்டே என்று தனிப் பெயரே உண்டு. ஆகவே உப்புக் கருவாட்டை மாற்றாகப் போட்டால் வாயில் வைக்க முடியாது. 40 கிராம் மீன் நாரை 5 நிமிடம் மட்டும் நனைத்துப் பிழியுங்கள். நெடுநேரம் ஊறினால் சுவையெல்லாம் தண்ணீரில் போய்விடும். நனைத்த தண்ணீரைக் கொட்டாமல் சூப்பிலேயே சேருங்கள். ஒரு மேசைக்கரண்டி எள் எண்ணெயில் மீனைச் சிறு தீயில் இரண்டு நிமிடம் வதக்கி, முள்ளங்கியும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் சாறு பாலைப்போல் வெளுக்கும். மீதித் தண்ணீர் அதற்குப் பிறகுதான். தண்ணீர் முழுவதையும் முதலிலேயே ஊற்றினால் எண்ணெய் மேலே தனியாக மிதக்கும். அடித்த முட்டையை இறுதியில் மெல்லிய இழையாக ஊற்றி, 20 விநாடி கரண்டி படாமல் விடுங்கள். உடனே கிளறினால் சாறு கலங்கும்.

துருக்கியர்கள் பின்னிரவில் தேடிப்போகும் இஷ்கெம்பே என்ற இரைப்பைக் கறி சூப்பிலும் முட்டைதான் சோதனை. மஞ்சள் கரு, மாவு, எலுமிச்சைச் சாறு கலந்த கலவையை நேராகக் கொதிக்கும் சட்டியில் ஊற்றினால் திரிந்துபோகும். ஒரு கரண்டி சூடான சூப்பைச் சிறிது சிறிதாகக் கலவையில் விட்டு அடித்து, அது சூடேறிய பிறகே சட்டியில் சேர்க்க வேண்டும்.

பாராசிட்டமாலை சூப்போடு சேர்த்து விழுங்குவதும் ஆபத்து: நிறையக் குடித்த பிறகு அது கல்லீரலுக்குக் கூடுதல் சுமை. அரை மயக்கத்தில் இருப்பவர், மூச்சு மெதுவாக விடுபவர், எழுப்பியும் எழாதவர் வாயில் சூப் ஊற்றவே கூடாது; நுரையீரலுக்குள் போய்விடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

மற்றபடி, தலை வெடிக்கிற காலையில் நெத்திலியின் குடலைக் கிள்ளிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. விருந்துக்குக் கிளம்பும் முன்பே சாறைக் காய்ச்சி வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், காலையில் கொதிக்கவைத்து முளையைப் போடுவதோடு வேலை முடிந்தது.