அவெடான் பாணியில் கருப்பு வெள்ளை முகப்படம் எடுக்க

உடம்பெல்லாம் தேனீ மொய்க்க, சட்டையில்லாமல், மொட்டைத் தலையோடு நேராக நிற்கும் ஒருவரின் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். பின்னால் வெறும் வெள்ளை. அவர் பெயர் ரொனால்ட் ஃபிஷர், தேனீ வளர்ப்பவர். 1981 மே மாதம் கலிஃபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊரில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடான் எடுத்தது. அடுத்த முறை அந்தப் படம் கண்ணில் பட்டால் தேனீக்களை விட்டுவிட்டு ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? மூக்குக்குப் பக்கத்தில் நிழல் இல்லை, பின்னால் விழும் நிழலும் இல்லை. கண்டுபிடிக்கவே முடியாது. இந்தப் பாணியின் பாதி ரகசியம் அதுதான், அதற்கு ஒரு ரூபாய்கூட செலவில்லை.

1979 முதல் 1984 வரை, டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் நகரத்து அமோன் கார்ட்டர் அருங்காட்சியகத்துக்காக அவெடான் அமெரிக்காவின் மேற்குப் பகுதி முழுக்கச் சுற்றினார். சுரங்கத் தொழிலாளி, எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்ப்பவர், லாரி ஓட்டுநர், ஹோட்டல் பரிமாறுபவர், ஊர் ஊராக அலைபவர் என்று 752 பேரைப் படம் எடுத்தார். கேமரா, டியர்டார்ஃப் என்ற மரப்பெட்டிக் கேமரா. ஃபிலிம் ஒவ்வொன்றும் 8க்கு 10 அங்குலம், கிட்டத்தட்ட நம் ஏ4 தாள் அளவு. அப்படி 17,000 தாள்கள் ஓடியிருக்கின்றன. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று தாள் வருகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செருகி எடுக்க வேண்டிய கேமராவில் இது கொஞ்சநஞ்சமில்லை. செல்போனில் மூன்று தட்டு தட்டிவிட்டு "சரியா வரலப்பா" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம், நானும் உட்பட.

இந்த மாதிரிப் படம் ஒன்று எடுக்கலாம் என்று என் பெரியப்பாவை மாடியில் நிறுத்தி, பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, எடுத்துக் காட்டினேன். "என்னடா, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். வெள்ளைச் சுவர், நேர் பார்வை, சிரிப்பு இல்லாத முகம். இரண்டுக்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசமே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அவெடான் தொழிலைத் தொடங்கியதே அப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க வணிகக் கப்பல் படையில் சேர்ந்து, மாலுமிகளின் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் ஃபேஷன் பத்திரிகை, பெயர், புகழ் எல்லாம். ஆக, பாஸ்போர்ட் படத்துக்கும் அவர் படத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைப் பிடித்துவிட்டால் போதும்.

முதலில் நிழல். வெயிலில் எடுக்கவே கூடாது. வெயில் மூக்கு நிழல், கண்குழி, நெற்றியில் பளபளப்பு என்று எதையாவது தூக்கிக் காட்டும், பார்ப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்துவிடும். ஒரு கட்டடத்தின் நிழல் விழும் பக்கத்துக்குப் போங்கள். எதிரே திறந்த வானமோ, வெயில் பட்ட சுவரோ இருக்க வேண்டும். ஆள் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டும். காலை ஒன்பது மணிவாக்கில், இல்லையென்றால் மாலை மூன்றரைக்கு மேல் நன்றாக இருக்கும். மரத்தடி வேண்டாம். இலைக்கு நடுவில் ஒழுகும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக விழும், அதை மென்பொருளால் சரிசெய்வது லேசுப்பட்ட வேலையில்லை.

இன்னொன்று, வெறும் சுவர் நிழலைவிட மேலே சன்ஷேடோ பால்கனியோ நீட்டிக்கொண்டிருக்கும் இடம் நல்லது. தலைக்கு நேர் மேலே திறந்த வானம் இருந்தால் வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்கும், கண்கள் இரண்டும் குழிக்குள் போய்விடும். மேலே ஏதாவது மறைத்தால் வெளிச்சம் முன்பக்கமிருந்துதான் வந்தாக வேண்டும். என் பெரியப்பா படம் சொதப்பியதற்கு முதல் காரணம் இந்த மொட்டை மாடிதான். இடம் சரியா என்று பார்க்க ஒரு சின்ன வழி: உங்கள் கையை முஷ்டியாக மடக்கி, முகம் வரும் உயரத்தில் நீட்டிப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். விரல் மடிப்புகளில் கருப்பு நிழல் தெரிந்தால் இரண்டடி நகருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி மென்மையாக இருக்கிறதா, அங்கேயே நில்லுங்கள்.

பின்னணிக்கு அவெடான் சுமார் ஒன்பதடி அகல வெள்ளைத் தாள் சுருளை எடுத்துப்போய், கிடைத்த சுவரிலோ வண்டியின் பக்கவாட்டிலோ ஒட்டிக்கொண்டார். ஸ்டுடியோ பொருள் விற்கும் கடைகளில் அதே அகலத்தில் இன்றும் கிடைக்கிறது. ஆனால் இடுப்பளவுப் படத்துக்கு ஐந்தடி அகலம் தாராளம். பளபளப்பில்லாத வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும். வேட்டி கட்டுவதானால் இஸ்திரி போட்டு நான்கு மூலையும் இழுத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மடிப்பு மடிப்பாகத் தெரியும். நான் மடிப்பை எல்லாம் கணினியில் அழிக்கலாம் என்று உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்தேன். ஆள் பின்னணியிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி நின்றால் போதும்.

அடுத்தது, பலரும் தவறவிடும் ஒரு சங்கதி. வெள்ளைப் பின்னணி சும்மா இருக்காது, அதுவும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அதனால் காதோரமும் கன்னத்தோரமும் கரைந்து, முகம் தட்டையாக, மாவு பூசினதுபோல் ஆகிவிடும். இரண்டு பக்கமும் படத்துக்குள் வராத தூரத்தில், ஏறத்தாழ மூன்றடி தள்ளி, கருப்பாக எதையாவது பிடிக்கச் சொல்லுங்கள். கருப்புப் போர்வை, கருப்புத் துணி, ஏன், வீட்டிலிருக்கும் பழைய கருப்புக் குடை இரண்டு போதும். கன்னத்தின் விளிம்பு சட்டென்று கோடு போட்டதுபோல் எழும்பி வரும். செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள்.

இப்போது எண்கள். நல்ல திறந்த நிழலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 400, எஃப் (லென்ஸ் துளை) 5.6, ஷட்டர் வேகம் 1/400 விநாடி என்பது தொடங்குவதற்கு ஏற்ற இடம். சன்ஷேடுக்கு அடியில் இன்னும் மங்கலாக இருந்தால் 1/125 வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம், ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டிக்கொள்ளுங்கள். கேமராவைத் தானியங்கியில் விட்டால் இவ்வளவு வெள்ளையைப் பார்த்து மிரண்டு எல்லாவற்றையும் சாம்பல் ஆக்கிவிடும், முகம் கருத்துப்போகும். கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) ஒன்றிலிருந்து ஒன்றேகால் ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. போனில் எடுப்பவர்கள் முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் அந்தச் சூரியக் குறியை மேலே இழுக்கலாம். ஆனால் நம்மூர்க் கருத்த நிறத்துக்கு ஒரு எச்சரிக்கை. முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பின்னணி வெந்து, முடியின் ஓரங்களைத் தின்றுவிடும். ஹிஸ்டோகிராமில், அதாவது கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில், வலது ஓரத்தைத் தொடுகிறதா தொடவில்லையா என்ற இடத்தில் பின்னணியை நிறுத்திவிட்டு, ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) எடுத்து, முகத்தை அப்புறம் கொஞ்சம் தூக்கிக்கொள்வது பாதுகாப்பு.

லென்ஸ் 85 மி.மீ. பக்கமாக இருக்கட்டும். சிறிய சென்சார் கேமராவானால் 50 மி.மீ. போனில் இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு பின்னால் தள்ளி நில்லுங்கள். அகல லென்ஸோடு கிட்டே போனால் மூக்கு முன்னால் வந்து காது ஓடி ஒளிந்துகொள்ளும். கேமரா உயரம் கண்ணுக்கும் கழுத்துக்கும் நடுவில். ஃபோகஸ் கண்ணில். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

சரி, இதெல்லாம் அரைமணி நேர வேலை. கஷ்டமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

அவெடான் கேமராவுக்குப் பின்னால் நிற்கவில்லை. லென்ஸுக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல், ஆளிலிருந்து நாலடி தூரத்தில், வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபிலிம் மாற்றுவது எல்லாம் உதவியாளர்கள் வேலை. நீங்களும் கேமராவை ட்ரைபாடில் மாட்டி, ஃபிரேமை முடிவு செய்துவிட்டு, ரிமோட்டையோ ஷட்டர் வயரையோ கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நில்லுங்கள். அந்தக் கணமே எல்லாம் மாறும். முகத்தை மறைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் குறி பார்க்கும் ஒருவர் முன்னால் நிற்பது வேறு, ஒரு மனுஷன் நம்மைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது வேறு. உங்களுக்கும் சங்கடமாகத்தான் இருக்கும், கையை எங்கே வைப்பது என்று தெரியாது. அந்தச் சங்கடத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். பாஸ்போர்ட் ஸ்டுடியோவில் இது நடப்பதே இல்லை, "மேலே பாருங்க, ஆடாதீங்க" என்பதோடு முடிந்துவிடும்.

என்ன பேசுவது? முதல் ஐந்து நிமிஷம் எதையாவது பேசுங்கள், எடுங்கள், அந்தப் படங்கள் பெரும்பாலும் குப்பை. எல்லோரும் கல்யாண வீட்டுக்கு வைத்திருக்கும் முகத்தைத்தான் முதலில் தருவார்கள். "சிரிக்காதீங்க" என்று சொல்லாதீர்கள், சொன்னால் முறைப்பார்கள். அதற்குப் பதிலாகப் பேச்சை நிறுத்திவிடுங்கள். பத்து விநாடி மௌனம் யாருக்கும் நீளமானது. சிரிப்பு தானாக இறங்கும், தோள் தளரும், மூச்சு வெளியே போகும். அந்த மூச்சுக்கு அடுத்த நொடியில் ஷட்டர். பெரியப்பாவுக்கு இருபத்தாறாவது படத்தில் இது நடந்தது. "முடிஞ்சுதாடா?" என்று கேட்கப் போகிற முகம், ஆனால் இன்னும் கேட்கவில்லை.

அவெடான் இதற்குக் குறுக்கு வழியும் போனார், அவரே சொன்ன கதை. 1957இல் வின்ட்சர் கோமகனையும் (முடி துறந்த முன்னாள் பிரிட்டிஷ் மன்னர்) அவர் மனைவியான கோமகளையும் எடுக்கும்போது இருவரும் வழக்கமான மேடை முகத்தைக் கலைப்பதாக இல்லை. அவர்கள் நாய்ப்பிரியர்கள் என்று தெரிந்து, வரும் வழியில் தன் டாக்ஸி ஒரு நாயின் மேல் ஏறிவிட்டது என்று பொய் சொன்னார். இரண்டு முகமும் விழுந்தன, படம் கிடைத்தது. நல்ல படம்தான். நான் செய்ய மாட்டேன், நீங்களும் வீட்டு ஆட்களிடம் செய்யாதீர்கள், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

பின்னணி இல்லாததால் உடையும் கையும்தான் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத் தொழிலாளிகளை அவர் கரி படிந்த உடுப்போடுதான் எடுத்தார். டெக்சஸில் ஸ்வீட்வாட்டர் ஊரில் பாம்பு உரிக்கும் 13 வயதுப் பையனை, உரித்துக் குடல் தொங்கும் பாம்பைக் கையில் பிடித்தபடியே நிறுத்தினார். ஆகவே மெக்கானிக்கை எடுத்தால் கை கழுவ விடாதீர்கள். படம் என்றதும் உள்ளே ஓடிப்போய்ப் புதுச்சட்டை மாட்டிக்கொண்டு பவுடரோடு வருவார்கள், வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள். ஆனால் அனுமதி கேட்டு, படம் எப்படி வரும் என்று காட்டிவிட்டு எடுங்கள். நியூயார்க்கிலிருந்து வந்த ஒருவர் அமெரிக்காவின் மேற்குப் பகுதி மக்களைத் தன் சோகத்துக்கு ஏற்றபடி நிறுத்திவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவெடானின் அந்த மேற்குப் பகுதிப் படத் தொகுப்பின் மேல் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வெள்ளைத் தாளின் முன்னால் நிற்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலிகூடக் கிடையாது, அதிகாரம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது. தெரியாதவர்களிடம் போவதற்கு முன் சொந்தக்காரர்களிடம் பழகுவது இதனாலும் நல்லது. அவெடானே தன் அப்பாவை, நோயில் மெலிந்து 1973இல் இறக்கும் வரை, வருஷக்கணக்கில் எடுத்திருக்கிறார்.

கருப்பு வெள்ளையாக மாற்றும்போது வண்ணத்தைச் சும்மா உறிஞ்சிவிடாதீர்கள், சப்பென்று இருக்கும். வண்ணவாரியாகக் கூட்டிக் குறைக்கும் பட்டைகள் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளிலும் இருக்கும், இலவச மென்பொருள்களிலும் இருக்கும். சிவப்பையும் ஆரஞ்சையும் கூட்டினால் தோல் வெளுத்து வழவழப்பாகும், சுருக்கமும் புள்ளியும் மறையும். இந்தப் பாணி வேண்டுமானால் அதற்கு நேர் எதிராகப் போங்கள்: அவற்றைக் கொஞ்சம் குறைத்தால் மச்சம், தழும்பு, வெயிலில் காய்ந்த நெற்றி எல்லாம் மேலே வரும். கருத்தவரைச் சிவப்பாகக் காட்டும் ஆசையை இங்கேயே கழற்றி வைத்துவிடுங்கள். அதன்பின் முகத்தில் பகுதி பகுதியாக வேலை. அவெடானின் அச்சுக் குறிப்புகளைப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு முகத்தின் மேல் கோடு கோடாக வட்டம் போட்டு, எங்கே ஒளி கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று எண்கள் எழுதியிருக்கும். நமக்கு அவ்வளவு வேண்டாம், கண்ணின் வெள்ளையைத் தொடாமல் கண்ணைச் சுற்றி லேசாகத் தூக்கி, தாடைக்குக் கீழே லேசாக இறக்கினால் போதும். தோலை மழுக்கும் எந்த ஃபில்டரும் கூடாது.

அச்சுப் போடும்போது கவனம். வண்ணத் தாளில் போடும் கடைகளில் கருப்பு வெள்ளை அடிக்கடி பச்சையோ ஊதாவோ பாய்ந்து வரும். என் முதல் பிரதியில் பெரியப்பா லேசாகப் பாசி பிடித்திருந்தார். முதலில் சின்ன அளவில் ஒன்று போட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பெரிசு போடுங்கள், பளபளப்புத் தாள் வேண்டாம். கடைசியாக ஓரம். அவெடான் படத்தை வெட்டாமல், ஃபிலிமின் கருப்பு விளிம்போடு அச்சிட்டார். அதைப் பார்த்துவிட்டுப் போலி ஃபிலிம் விளிம்பு ஒட்டுகிறார்கள், எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் வெள்ளைப் பின்னணிப் படத்தை வெள்ளைத் திரையில் போட்டால் படம் எங்கே முடிகிறது என்றே தெரியாது, அதனால் நூலளவுக்கு ஒரு கருப்புக் கோடு மட்டும் நாலு பக்கமும் இழுத்துக்கொள்கிறேன். அகலப் பக்கம் இரண்டாயிரம் பிக்சல் இருந்தால் மூன்று பிக்சல் கோடு சரியாக இருக்கிறது.