ஆங்கிலம் பேசும்போது கையைக் கட்டிப்போடாதீர்கள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் கைகளைப் பற்றி இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கின்றன. ஒருவர், "கையை ஆட்டாமல் பேசுங்கள், அப்போதுதான் தன்னம்பிக்கை தெரியும்" என்பார். இன்னொருவர், "பேச்சில் 55 விழுக்காடு உடல்மொழிதான், கைகளை நன்றாக வீசுங்கள்" என்பார். இரண்டையுமே ஒதுக்கிவிடலாம்.

55 என்ற எண்ணை முதலில் பார்ப்போம். அது 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொல், குரல், முகத்தின் புகைப்படம் ஆகியவை ஒன்றுக்கொன்று முரண்படும்போது, பேசுபவரின் விருப்பு வெறுப்பை மக்கள் எதை வைத்து ஊகிக்கிறார்கள் என்பதே அங்கே கேள்வி. முகத்துக்கு 55 விழுக்காடு கிடைத்தது. கை அதில் எங்குமே இல்லை. உணர்ச்சியைப் பற்றிப் பேசாத இடங்களுக்கு இந்த எண் பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். பயிற்சியாளர்கள் காதில் அது விழவில்லை.

கையை ஆட்டக் கூடாது என்ற அறிவுரை இதைவிடக் கெடுதலானது. கையசைவு கேட்பவருக்காக மட்டும் செய்யப்படுவதல்ல. ஐவர்சன், கோல்டின்-மெடோ என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் பிறவியிலேயே பார்வையற்ற 12 சிறார்களைப் பேசவைத்துப் பார்த்தார்கள். யாருடைய கையசைவையும் கண்டிராத அந்தப் பன்னிரண்டு பேரும் பேசும்போது கையை அசைத்தார்கள். 2001இல் வந்த மற்றோர் ஆய்வில், கணக்கு ஒன்றை விளக்கிக்கொண்டே ஒரு பட்டியலையும் நினைவில் வைத்திருக்கச் சொன்னபோது, கையை அசைத்து விளக்கியவர்களுக்கே பட்டியல் அதிகம் நினைவிருந்தது. சொல்லைத் தேடி, வினையின் காலத்தைச் சரிபார்த்து, உச்சரிப்பையும் கவனித்துக்கொண்டே இரண்டாம் மொழியில் பேசுபவரின் மூளைக்கு ஏற்கெனவே சுமை அதிகம். அவரிடம் கையை அடக்கு என்றால், அடக்குவதும் இன்னொரு வேலையாகிவிடுகிறது.

கை நிறைய அசைகிறது, ஆகவே இவருக்கு மொழி வரவில்லை என்று எடைபோடுவதும் தவறு. நேர்முகத் தேர்வு நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் மொழியில் கையசைவு கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஆளுக்கு ஆள், பேசும் பொருளுக்குப் பொருள் அது மாறும். துரத்தலும் வீழ்ச்சியும் உள்ள கதையைச் சொல்லும்போது எந்த மொழியிலும் கை எழத்தான் செய்யும். தெரியாத சொல்லுக்கு மட்டுமே கை உதவுகிறது என்பதும் இல்லை. கதையில் வரும் இரண்டு ஆட்களுக்குக் காற்றில் ஆளுக்கோர் இடம் ஒதுக்கி, யார் என்ன செய்தார் என்று சுட்டிக்காட்டியபடியே பேசும் மொழி கற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாக்கியம் குழம்பினாலும் கதை குழம்பாது.

பலருக்கும் தெரியாத ஒன்று: மொழி மாறினாலும் கை உடனே மாறுவதில்லை. கீட்டா, ஓஸ்யூரெக் ஆகியோரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு கார்ட்டூனைப் பார்த்துவிட்டுக் கதை சொல்ல வேண்டும். பந்தை விழுங்கிய பூனை தெருவில் உருண்டு இறங்குகிறது. ஆங்கிலத்தில் உருள்வதும் இறங்குவதும் ஒரே வினைத்தொடருக்குள் அடங்கும். ஆங்கிலத்தில் கதை சொன்னவர்களின் கையும் சுழன்றுகொண்டே ஒரே வீச்சில் இறங்கியது. துருக்கியிலும் ஜப்பானியத்திலும் இரண்டுக்கும் தனித்தனி வினை. அம்மொழிகளில் கதை சொன்னவர்களில் பலரது கை முதலில் சுழன்றது, பிறகு தனியாக இறங்கியது. தமிழின் 'உருண்டு இறங்கியது' என்பதும் இதே கட்டமைப்புதான். இரண்டாம் மொழி கற்பவர்களின் வாய் சரியான ஆங்கிலம் பேசும்போதும், கை தாய்மொழி வழியிலேயே போவதைப் பிற ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒருவரின் ஆங்கிலத்தில் ஒலிக்கும் ஊர்ச்சாயல் போன்றது அது. திருத்தியே ஆக வேண்டிய பிழையல்ல.

கட்டாயம் திருத்த வேண்டியது வேறு வகை: சொல்லைப் போலவே நிலையான பொருள் கொண்ட சைகைகள். அவை ஊருக்கு ஊர் வேறு. 1992இல் கான்பெராவில் அன்றைய அமெரிக்க அதிபர் மூத்த புஷ், உள்ளங்கை தன் பக்கம் இருக்குமாறு இரு விரல்களை 'வி' போலக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் அது வசைச் சைகை. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரல்களை அசைத்து நாம் ஒருவரை அழைப்பது ஜப்பானில் செல்லும். அமெரிக்கர் ஒருவருக்கு அது 'போய்விடு' என்று படலாம். இவற்றைச் சொற்பட்டியலைப் போலவே கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. புதிய சொல்லைப் பொருளோடு இணைந்த சைகையுடன் கற்பித்தால் நன்றாகப் பதிகிறது. ஆனால், ஆங்கிலம் பேசுபவர்களுக்கு ஜப்பானிய வினைச்சொற்களைக் கற்பித்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், பொருளுக்குப் பொருந்தாத சைகையோடு கற்ற சொற்களே மிகக் குறைவாக நினைவில் நின்றன. 'குடி' என்று சொல்லிக்கொண்டே பலகையைத் தட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம்.