300 ரூபாய் ஷூட்டரை நம் கைக்கு ஏற்ப வளைப்பது எப்படி?

கணினி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் தள்ளுபடி போட்டால் போதும், 300, 400 ரூபாய்க்கு விண்கலம், ஏலியன், லேசர் துப்பாக்கி என்று ஷூட்டர் (சுடும்) கேம்கள் கொட்டிக் கிடக்கும். ஆசையாக வாங்கி செட்டிங்ஸைத் திறந்தால் சத்தம், ரெசல்யூஷன், மவுஸ் வேகம், அவ்வளவுதான். 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 என்ற பெரிய பட்ஜெட் கேமில் மாற்றுத்திறனாளிகளுக்காக 60-க்கும் மேற்பட்ட வசதிகள் இருந்தன. இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் கேமில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் உள்ளே இல்லாத பலவற்றை வெளியிலிருந்து, பெரும்பாலும் காசில்லாமலே, நாமே போட்டுக்கொள்ளலாம். எனக்கு வலது கை விரல்கள் சரியாக மடங்காது, அதனால் கீழே சொல்வதில் பாதி நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது.

முதல் வேலை, கடிகாரத்தைப் பார்ப்பது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். மெனுவில் சும்மா உட்கார்ந்திருப்பதும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால் கதையை ரசிப்பதெல்லாம் அப்புறம். பட்டன்களை மாற்ற விடுகிறதா, எதையாவது விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்கிறதா, எதிரிகள் கூட்டமாக வந்து அடிக்கும்போது ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்க முடிகிறதா, இந்த மூன்றையும் முதல் அரை மணி நேரத்தில் பார்த்துவிடுங்கள். டெமோ இருந்தால் இந்த அவசரமே வேண்டாம்.

சரி, பட்டன் மாற்ற விடவில்லை. அப்போதுதான் ஸ்டீம் இன்புட், அதாவது கண்ட்ரோலர் பட்டன்களை மாற்றியமைக்க ஸ்டீமிலேயே இருக்கும் வசதி. லைப்ரரியில் கேமின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கண்ட்ரோலர் பகுதிக்குப் போய் அதை இயக்குங்கள். எந்தப் பட்டனையும் எந்தக் கீயாகவும் மாற்றலாம், அது பெரிய விஷயமில்லை. பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கர ஐகானுக்குள்தான் புதையல் இருக்கிறது. அங்கே டோகிளைப் போட்டால் ஒரு தட்டுக்கு ஓட ஆரம்பிக்கும், இன்னொரு தட்டுக்கு நிற்கும்; துப்பாக்கியை உயர்த்திக் குறி பார்ப்பதற்கும் இதே வேலை. டர்போ போட்டால் பிடித்திருக்கும்வரை அதுவே திரும்பத் திரும்ப அழுத்தும், 'கதவைத் திறக்க இ-யைத் தட்டிக்கொண்டே இரு' என்று உயிரை வாங்கும் இடங்களுக்கு அதுதான் மருந்து. நீண்ட அழுத்தத்துக்கு ஒன்று, இரட்டைத் தட்டுக்கு இன்னொன்று என்று வைத்தால் நான்கு பட்டனில் எட்டு வேலை முடியும்.

கட்டைவிரலால் ஸ்டிக்கை நுணுக்கமாக நகர்த்த முடியாதவர்கள் ஜைரோவைப் பாருங்கள். கண்ட்ரோலரையே லேசாகச் சாய்த்துக் குறி வைப்பது. டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ், ஸ்விட்ச் ப்ரோ ஆகிய மூன்று கண்ட்ரோலர்களிலும் ஜைரோ உண்டு, எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் கிடையாது. ஸ்டீம் இன்புட்டில் ஜைரோவை மவுஸாக வைக்கும்போது மலிவு கேம்கள் சில குழம்பிப்போய், திரையில் கீபோர்டு படமும் கண்ட்ரோலர் படமும் மாறி மாறி மின்னும். பயப்பட வேண்டாம். ஸ்டிக், பட்டன் எல்லாவற்றையும் கீபோர்டு கீகளாகவே மாற்றிவிட்டால் கேம் உங்களிடம் கண்ட்ரோலர் இருப்பதையே மறந்துவிடும்.

கீபோர்டில் ஆடுபவர்கள் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸ் ஷார்ட்கட்டை விண்டோஸ் செட்டிங்ஸில் அணைத்து வையுங்கள், இல்லையென்றால் சரியாகப் பெரிய வில்லனோடு மோதும்போது எட்டிப் பார்க்கும். கை நடுக்கம் இருந்தால் விண்டோஸின் ஃபில்டர் கீஸ் தவறிப்பட்ட தட்டுகளைக் கழித்துவிடும், ஆனால் கொஞ்சம் தாமதமும் சேரும்.

பார்வைக்கு வருவோம். இந்த வகைக் கேம்களில் எல்லாமே நீலத்தில் ஒளிரும் பொடி எழுத்து. ரெசல்யூஷனைக் குறைத்தால் சில கேம்களில் எழுத்து தானாகப் பெரிதாகும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு விண்டோஸிலேயே கலர் ஃபில்டர் இருக்கிறது, முழுத்திரையில் எடுபடவில்லை என்றால் கேமின் செட்டிங்ஸில் பார்டர்லெஸ் விண்டோவுக்கு மாற்றுங்கள். லேசர் பளிச் பளிச் என்று அடிக்கும் கேம்களுக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. ஒளியால் வலிப்பு வரும் ஆபத்து உள்ளவர்கள் யோசிக்காமல் ரீஃபண்ட் கேளுங்கள்.

காது கேளாதவர்களுக்கு விண்டோஸ் 11-இன் லைவ் கேப்ஷன்ஸ் வசனத்தை எழுத்தாக்கித் தரும், பின்னால் வரும் ஏலியனின் காலடியைச் சொல்லாது. ஒரு காது மட்டும் கேட்பவர்கள், இரு பக்கச் சத்தத்தையும் ஒன்றாக்கும் மோனோ ஆடியோ போட்டால் எதுவும் தவறாது, ஆனால் சத்தம் எந்தப் பக்கமிருந்து என்பது போய்விடும்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகுதான் கருவி வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரில் வெளி ஸ்விட்சுகளைச் செருக 19 துளைகள் உண்டு, ஆனால் ஸ்விட்ச் ஒவ்வொன்றும் தனிச் செலவு. நான் இன்னும் கால் பெடல் ஒன்றை வைத்தே ரீலோடு செய்கிறேன்.

ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடினால் டர்போ, மேக்ரோ (ஒரே தட்டில் பல பட்டன்களை அழுத்த வைப்பது) போடும் முன் விதியைப் படித்துவிடுங்கள், தடை போட்டுவிட்டால் கெஞ்சியும் பயனில்லை.

அப்புறம், கேம் செய்தவர்களுக்கு எழுதுங்கள். 'வசதி செய்து கொடுங்கள்' என்று பொதுவாக எழுதாமல் 'ஓடுவதற்கு டோகிள் வேண்டும், எழுத்தின் அளவைக் கூட்ட வேண்டும்' என்று குறிப்பாகக் கேளுங்கள், சின்னக் குழுவுக்கு அதுதான் புரியும். உங்கள் கண்ட்ரோலர் அமைப்பையும் ஸ்டீமில் பகிர்ந்துவிடுங்கள். அடுத்து அந்தக் கேமை வாங்கும் ஒற்றைக்கைக்காரருக்கு அரை மணி நேரம் மிச்சம்.