ரயில் நிலையத்தருகே கட்டாய பார்க்கிங் விதியை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாஸ் ஏஞ்சலஸில் 50 அடி அகலமும் 150 அடி நீளமும் உள்ள மனை என்றால் மொத்தம் 7,500 சதுர அடி. பல குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிகளுக்கு நகரம் ஒதுக்கும் ஆர்4 வகை நிலமாக இருந்தால், வீட்டுக்கு 400 சதுர அடி என்ற கணக்கில் 18 வீடுகள் கட்டலாம். நகரத்தின் வழக்கமான விதி, ஒரு படுக்கையறை வீட்டுக்கு ஒன்றரை கார் இடம் கேட்கும். 18 வீடுகளுக்கு 27 இடங்கள். கார் நிற்கும் இடம், அது வந்து திரும்பும் வழி எல்லாம் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 325 சதுர அடி தேவை. 27 கார்களுக்கு 8,775 சதுர அடி. மனையே அவ்வளவு இல்லை! நிலத்தடியில் தோண்ட வேண்டும், இல்லையென்றால் வீடுகளைக் குறைக்க வேண்டும். எதைச் செய்தாலும் அந்தச் செலவு வாடகையில்தான் வந்து விழும், கார் இல்லாதவர் தலையிலும்.

இதற்காகத்தான் கலிபோர்னியா ஏபி 2097 என்ற சட்டத்தை 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முக்கியப் பொதுப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் வரும் கட்டடங்களுக்கு, ஹோட்டல் போன்ற சில நீங்கலாக, குறைந்தபட்ச பார்க்கிங்கை நகரங்கள் கட்டாயமாக்க முடியாது. தேவையான சட்டம். ஆனால் இதை வைத்துக் கட்டுவோரும், இதுபோல் விதி எழுதும் நகரங்களும் சில இடங்களில் தொடர்ந்து சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், எந்த நிறுத்தம் கணக்கில் வரும் என்று பார்க்காமல் வரைபடம் போடுவது. ரயில் நிலையம் என்றால் சிக்கல் இல்லை. பஸ் என்றால், மனைக்கு முன்னால் அடிக்கடி பஸ் ஓடுகிறது என்பது மட்டும் போதாது. இரண்டு முக்கிய வழித்தடங்கள் சந்திக்கும் இடமாக இருக்க வேண்டும். காலை, மாலை நெரிசல் நேரங்களில் இரண்டிலும் குறித்த இடைவெளிக்குள் பஸ் வர வேண்டும். இந்த இடைவெளி முதலில் 15 நிமிடமாக இருந்தது. 2025 முதல் 20 நிமிடம். அதனால் முன்பு தகுதி பெறாத சில மனைகள் இப்போது தகுதி பெறும். பழைய வரைபடத்தை நம்பாமல் நடப்பு கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தகுதி உண்டு என்பதை நகரத் திட்டமிடல் துறையிடம் எழுத்தில் வாங்கிய பிறகு கட்டட வரைபடத்துக்குப் பணம் செலவிடுங்கள்.

அடுத்தது, பார்க்கிங்கே வேண்டாம் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான இடமும் வேண்டாம் என்று நினைப்பது. இது பெரிய தவறு. அந்த இடங்களையும் மின்வாகன சார்ஜர் உள்ள இடங்களையும் கேட்கும் விதிகளை ஏபி 2097 தொடவில்லை. பழைய விதி இருந்திருந்தால் எத்தனை இடம் வந்திருக்கும் என்று முதலில் கணக்கிட்டு, அதில் இவற்றின் பங்கு எவ்வளவு என்று தனியே எடுக்க வேண்டும். அனுமதி வாங்கும் கடைசிக் கட்டத்தில் இது தெரிந்தால் தரைத்தளத்தையே திருப்பி வரைய நேரும்.

நகரம் மறுக்கவும் வழி இருக்கிறது. முழுமையான விண்ணப்பம் வந்த 30 நாளுக்குள், பார்க்கிங் இல்லாவிட்டால் என்ன பாதிப்பு என்பதை ஆதாரத்துடன் எழுத்தில் காட்ட வேண்டும். ஆனால் 20 வீடுகளுக்குக் குறைவான திட்டத்திலும், 20 சதவீத வீடுகளையாவது குறைந்த அல்லது நடுத்தர வருமானத்தினர், மாணவர், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் திட்டத்திலும் இந்த வழி செல்லாது. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அந்தத் தகுதியைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

பார்க்கிங் விதியை மட்டும் எடுத்துவிட்டு மற்ற விதிகளை அப்படியே விடுவதுதான் நகரங்கள் செய்யும் பெரிய பிழை. அதே 7,500 சதுர அடி மனை அதைவிடக் குறைவான வீடுகளையே அனுமதிக்கும் ஆர்3 வகையாக இருந்தால், வீட்டுக்கு 800 சதுர அடி என்ற வரம்பால் 9 வீடுகள்தான். கார் இடத்தை முழுவதும் நீக்கினாலும் பத்தாவது வீடு வராது. வீட்டு எண்ணிக்கை வரம்பு, உயரம், சுற்றி விட வேண்டிய இடைவெளி மூன்றையும் சேர்த்தே தளர்த்த வேண்டும்.

மலிவு வீடுகளைக் கேட்டுப் பேரம் பேச நகரத்திடம் இருந்த பொருள் கைவிட்டுப் போவதும் உண்மையான கவலைதான். 2017-இல் லாஸ் ஏஞ்சலஸ் தொடங்கிய திட்டத்தில், மிகக் குறைந்த வருமானத்தினருக்கு 8 முதல் 11 சதவீத வீடுகளை ஒதுக்கினால் கூடுதல் வீடுகளும் பார்க்கிங் சலுகையும் கிடைத்தன. பார்க்கிங் விலக்கு எல்லோருக்கும் பொதுவானதும் அந்தச் சலுகைக்கு மதிப்பு போய்விட்டது. அதற்காகக் கட்டாய விதியைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது; அரசு உதவியில் எழும் வீடுகளின் செலவையும் அதே விதிதான் ஏற்றுகிறது. ஒதுக்கீட்டுக்கு ஈடாகக் கூடுதல் தளம், கூடுதல் பரப்பு, கட்டணக் குறைப்பு என வேறு சலுகைகளைப் பெரிதாக்க வேண்டும்.

விதி போனால் யாரும் பார்க்கிங் கட்ட மாட்டார்கள் என்ற பயமும், உடனே எல்லாம் மலிவாகிவிடும் என்ற நம்பிக்கையும் இரண்டுமே பிசகு. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் 2017-இல் ஊர் முழுக்க விதியை நீக்கியது. அதன்பின் வந்த பெரிய திட்டங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவையே பழைய அளவைவிடக் குறைவாகக் கட்டின. கடன் தருவோரும் முதலீட்டாளரும் கேட்கும் வரை கார் இடம் வந்துகொண்டுதான் இருக்கும். அப்படி வந்தாலும் அதன் வாடகையை வீட்டு வாடகையிலிருந்து பிரிக்க வேண்டும். கலிபோர்னியாவின் பத்து மாவட்டங்களில், 2025 முதல் குடியேறத் தயாராகும் 16 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட கட்டடங்களுக்கு இது சட்டமே; வீட்டோடு ஒட்டிய தனிக் கராஜ், முழுக்க மலிவு வாடகை வீடுகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஒப்பந்தத்தில் இரண்டு தொகைகளையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

கடைசியாக, தெருவோரம். கட்டடத்தில் ஆள் குடிவந்து அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்த பிறகு தெருவோர பார்க்கிங்கைப் பற்றி யோசிப்பது மிகத் தாமதம். கட்டுமான அனுமதி தரும்போதே தெருவில் கார் நிறுத்த எண்ணிக்கை வரம்புடன் தரும் பெர்மிட்டும், நிறுத்தும் நேரத்துக்குக் கட்டணம் வாங்கும் மீட்டரும் முடிவாகிவிட வேண்டும். சான்பிரான்சிஸ்கோ 2011-இல் தொடங்கிய முறையில், ஒவ்வொரு தெருத்துண்டிலும் 60 முதல் 80 சதவீத இடம் நிரம்பியிருக்கும்படி மீட்டர் கட்டணத்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தார்கள். மீட்டர் பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகிலுள்ள பாசடீனா நகரின் பழைய கடைவீதியில் 1993-இல் மீட்டர் வைத்தபோது, வருமானத்தை அந்தத் தெருக்களின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்குமே செலவிடுவதாக நகரம் ஒப்புக்கொண்டது. அதன் பிறகே கடைக்காரர்கள் சம்மதித்தார்கள்.