நிலத்துக்குள்ள போற கழிவு பைப்பை எதால மூடுறது?

வன்னியில வீடு கட்டுற ஆக்கள் பைப் வாங்கேக்க தடிப்பு பாத்து வாங்குவினம், ஆனா கிடங்கை மூடேக்க வெட்டின மண்ணையே திருப்பித் தள்ளிவிட்டிட்டுப் போயிடுவினம். எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். இரண்டாவது மாரிக்கு குளியலறைத் தண்ணி இறங்காம நிண்டிட்டுது, கிண்டிப் பாத்தா நாலிஞ்சி பைப்புக்கு அடியில கைமுட்டியளவு கல்லொண்டு, அது குத்தின இடத்தில பைப் உள்ளுக்குப் பள்ளமாகி சவர்க்கார ஊத்தையும் தலைமயிரும் திரண்டு அடைச்சுக்கொண்டு கிடந்தது.

பிவிசி பைப் தனிய பாரம் தாங்காது, ரண்டு பக்கத்து மண்ணும் இறுக்கிப் பிடிச்சாத்தான் தாங்கும். அதால பைப்பைத் தொடுற மண்தான் முக்கியம்.

ஆத்து மணல் நல்லம், விலைதான் கூட. கிறசர் தூசும் அருமையா இறுகும். கிரவல் எண்டா அப்பிடியே கொட்டாதேங்கோ, அரிதட்டில அரிச்சு முக்கால் இஞ்சிக்கு மேல உள்ள கல்லை எறிஞ்சிட்டுப் போடுங்கோ. வயல் களி, அதுவும் மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களி, பைப்புக்குக் கிட்டவும் வேண்டாம். கோடையில வெடிக்கும், மாரியில ஊதும், பைப்பை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஈர மண்ணைக் கையில உருட்டிப் பாருங்கோ, உடையாம நீட்டுக்குக் கயிறு மாதிரி வந்தா அது களி. உடைஞ்ச செங்கல், ஓடு, வேர், பலகைத்துண்டு ஒண்டும் வேண்டாம், மரம் உக்கினா அந்த இடம் பொந்தாயிடும்.

கிடங்கடியில 4 இஞ்சிக்கு மணலைப் போட்டு 10 அடிக்கு 3 இஞ்சி சரிவு பாருங்கோ. சொக்கற் (ஒரு பைப்புக்குள்ள மற்றப் பைப் செருகிற பெருத்த வாய்) வாற இடத்தில மணலைக் கொஞ்சம் தோண்டி விடுங்கோ, இல்லாட்டி பைப் சொக்கற்றில மட்டும் நிண்டு நடுவால வளையும். மூட முதல் தண்ணி விட்டு ஒழுக்கு பாருங்கோ. பேந்து பைப்பின்ர வயித்துக்கு அடியில ரண்டு பக்கமும் மணலைக் கையால தள்ளி இறுக்குங்கோ, எல்லாரும் விடுற பிழை இதிலதான். 6 இஞ்சி 6 இஞ்சியா ரண்டு பக்கமும் சமமா ஏத்தி, பைப்புக்கு மேல ஒரு அடி வரைக்கும் அதே மண், அதுக்குள்ள நேர மேல திமிசுக்கட்டையால குத்தக்கூடாது. அதுக்கு மேல வெட்டின மண்ணைப் போடலாம், பெரிய கல்லைப் பொறுக்கிப்போட்டு.

சரிவான களிக்காணி எண்டா மணல் போட்ட கிடங்கே வாய்க்கால் மாதிரி தண்ணியை அத்திவாரத்துக்கு இழுத்துக்கொண்டு வரும். அதை மறிக்க, களி வேண்டாம் எண்டு சொன்னாலும், அத்திவாரத்துக்குக் கிட்ட ஒரு ரண்டடி நீளத்துக்கு மட்டும் மணலில்லாம, கல்லில்லாத களியை இறுக்கி அடைச்சு விடுங்கோ.

வளவுக்குள்ள ரண்டடி ஆழம் காணும், ரக்ரர் ஏறுற இடத்தில மூண்டடி வேணும். ஐப்பசி மழைக்கு முதல் முடியுங்கோ, சேத்துக்குள்ள எந்த மண்ணும் இறுகாது. வெளிக்காணியில மண் வெட்டுறதெண்டா கண்ணிவெடி அகற்றின இடமோ எண்டு கட்டாயம் கேட்டிட்டு வெட்டுங்கோ.

கடைசியா மேல நாலிஞ்சி குவிச்சு விடுங்கோ, முதல் மாரியோட அது மட்டத்துக்கு இறங்கிடும்.