நன்கொடை ரசீதைச் சரிசெய்த விதம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ்ப் பாடசாலைக்கு நன்கொடை தந்தவர்களுக்கு, அந்நாட்டு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி வரிச்சலுகை பெற உதவும் ரசீதை நான் பல ஆண்டுகள் கையால் எழுதி வந்தேன். 2023 மார்ச் 1 முதல் நன்கொடையாளரின் அடையாள எண், வரி எண் போன்ற கூடுதல் விவரங்களும் ரசீதில் இருக்க வேண்டும் என்றானபின், பெயரை மட்டும் குறித்திருந்த எங்கள் பதிவேடு போதாமல் போயிற்று. வரிச்சலுகையை நம்பியிருந்த முதியவர்கள் ரசீது கேட்டபோது மனம் வலித்தது.

ஆகவே கூகுள் படிவத்தில் அடையாள எண்ணையும் முகவரியையும் கட்டாயக் கேள்விகளாக்கி, ஒவ்வொருவருக்கும் தனிக் குறிப்பு எண் கொடுத்து, வங்கி வழியே பணம் அனுப்பும்போது அதையே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். வரவையும் பெயரையும் விரிதாளில் பொருத்தும் வேலை, முன்பு பல மாலைகளைத் தின்றது, இப்போது ஒரே மாலையில் முடிகிறது. அடையாள எண்கள் இருப்பதால் அவ்விரிதாளைப் பொருளாளரும் நானும் மட்டுமே திறக்க முடியும். இதில் தளர்வு கூடாது என்பது என் உறுதியான கருத்து.