கதகதப்பா ஒரு டீ லாட்டே: மெஷின் இல்லாம வீட்லயே போடலாம்

டீ லாட்டே வீட்ல போட்டு பாத்துட்டு "என்னடா இது, டீ கழுவின பால் மாதிரி இருக்கு"ன்னு சிங்க்ல ஊத்தினவங்க கைய தூக்குங்க. நானும் தூக்கறேன். முதல் தடவ நான் பண்ணது என்னன்னா, பெரிய கப் நிறைய சூடான பால், அதுக்குள்ள ஒரே ஒரு டீ பேக், பத்து நிமிஷம் முக்கி வெச்சுட்டு பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தேன், கடைசில வந்தது அழுக்கு வெள்ளை கலர்ல சூடான பால், டீ அந்தப் பக்கமா நடந்து போன வாசனை மட்டும் லேசா இருந்துச்சு.

சரி, நுரை இல்லாததுதான் பிரச்சனை போலன்னு பால அடிச்சு நுரை வர வெக்கற ஒரு ஃப்ராதர் வாங்கினேன். நுரை சும்மா மேகம் மாதிரி வந்துச்சு. கீழ டீ? அதே கதைதான். ரொம்ப நாள் கழிச்சுதான் மண்டைல ஏறுச்சு, கோளாறு நுரைல இல்ல, டிகாஷன்ல. டிகாஷன் திக்கா இருந்தா நுரை சுமாரா வந்தாக்கூட குடிக்க நல்லா இருக்கும், டிகாஷன் சப்புன்னு இருந்தா நீங்க மேல என்ன கோலம் போட்டாலும் அது பால்தான்.

முதல்ல ஒரு விஷயம். பால் டீயும் டீ லாட்டேயும் ஒன்னு இல்ல. பால் டீல தூளும் பாலும் ஒன்னா சேர்ந்து கொதிக்கும். லாட்டேல டிகாஷன் தனி, பால் தனி, ரெண்டும் கப்லதான் சந்திக்கும். லாட்டேன்னா இத்தாலி மொழில பால்னுதான் அர்த்தம், அதனால பால் கூடுதலா இருக்கறது தப்பே இல்ல, அந்த பாலுக்கு ஈடு கொடுக்கற டீ வேணும், அவ்ளோதான்.

என்னென்ன வேணும் (ஒரு பெரிய கப்புக்கு)

டீத்தூள் ரெண்டு டீஸ்பூன், அதாவது சுமாரா 4லேர்ந்து 5 கிராம். டீ பேக்னா ரெண்டு. தண்ணி 130 மில்லி. பால் 150 மில்லி. இனிப்பு உங்க இஷ்டம், நான் ஒன்னரை ஸ்பூன் சர்க்கரை. கூடவே ஒரு வடிகட்டி, ஒரு மூடி, பால அடிக்கறதுக்கு ஏதாவது ஒன்னு. ஏதாவது ஒன்னுன்னு சொன்னது நிஜமாத்தான், மூடி போட்ட ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தாக்கூட போதும், அதுக்கு அப்புறம் வரேன்.

ஸ்டெப் 1: டிகாஷன்

இங்கதான் நிதானமா இருக்கணும்.

தண்ணிய நல்லா தளதளன்னு கொதிக்க விடுங்க. பிளாக் டீக்கு 95 டிகிரிக்கு மேல சூடு இருந்தாத்தான் சாரம் முழுசா இறங்கும். என்னோட அந்த முதல் கப் ஏன் சொதப்புச்சுன்னு இப்ப புரியுதா? பால் இருந்ததே 60, 65 டிகிரில, அந்த சூட்டுக்கு டீ அசைஞ்சே கொடுக்காது, போதாக்குறைக்கு பால்ல இருக்கற புரதமும் கொழுப்பும் வேற நடுவுல நிக்குது.

கொதிச்ச தண்ணிய தூள் மேல ஊத்தி மூடி வெச்சிடுங்க. மூடறது முக்கியம், திறந்து வெச்சா சூடும் போகும் வாசனையும் போகும். எவ்ளோ நேரம்ங்கறது தூளப் பொறுத்தது. பொடி உருண்டையா இருக்கற சிடிசி டீன்னா 3 நிமிஷம் போதும், அது இலைய நசுக்கி கிழிச்சு சுருட்டி பண்றது, அதனால சடசடன்னு இறங்கிடும். முழு இலைன்னா 4லேர்ந்து 5 நிமிஷம். டீ பேக் 4 நிமிஷம்.

இப்ப எல்லாரும் பண்ற ஒரு தப்பு. டீ இன்னும் ஸ்ட்ராங்கா வேணும்னு அதே ஒரு ஸ்பூன் தூள பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம்னு ஊற வெக்கறது. நேரத்தக் கூட்டினா வாசனை கூடாது, துவர்ப்புதான் கூடும், நாக்கு ஒட்டிக்கும். ஸ்ட்ராங் வேணும்னா தூள கூட்டுங்க, நேரத்த கூட்டாதீங்க. இத பிரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டிக்கிட்டாலும் தகும்.

வடிகட்டும்போது பாருங்க, 130 மில்லி ஊத்தினோம், ஆனா கைக்கு வர்றது 110, 115தான் இருக்கும், மிச்சத்த தூள் குடிச்சிடும். அதுக்காக தூள கரண்டியால போட்டு அமுக்கி பிழியாதீங்க. டீ பேக்கையும் முறுக்காதீங்க, ஒரு தடவ அது என் கைலயே பிஞ்சு கப் முழுக்க பொடி.

வடிச்ச டிகாஷன துளி நாக்குல வெச்சு பாருங்க. "ஐயோ இது ரொம்ப கடுமையா இருக்கே"ன்னு தோணணும். தோணலன்னா தூள் பத்தல. தனியா குடிக்க நல்லா இருக்கற டீ, லாட்டேக்கு ஆகாது, ஏன்னா பால்ல கேசின்னு ஒரு புரதம் இருக்கு, அது டீல துவர்ப்பு கொடுக்கற டானின்கள புடிச்சு வெச்சுக்கும், அதனால வாய்ல வெக்க முடியாத டிகாஷன் பால் சேர்ந்ததும் சாதுவாயிடும். ஏற்கனவே சாதுவா இருக்கற டீ பால் சேர்ந்தா காணாமப் போயிடும்.

சர்க்கரைய இப்பவே, டிகாஷன் சூடா இருக்கும்போதே போட்டு கலக்கிடுங்க. நுரை வந்ததுக்கு அப்புறம் ஸ்பூன விட்டு கலக்கினா பட்ட கஷ்டமெல்லாம் போச்சு.

இஞ்சி, ஏலக்காய், பட்டை போடணும்னா

தண்ணிலயே போட்டு 5 நிமிஷம் கொதிக்க விட்டு, கொஞ்சம் தண்ணி வத்தும்கறதால 40 மில்லி கூட ஊத்திக்கோங்க, அப்புறம் அந்த தண்ணிய தூள் மேல ஊத்துங்க. பச்சை இஞ்சிய துருவி நேரா பால்ல மட்டும் போட்டுடாதீங்க. இஞ்சில புரதத்த உடைக்கற ஒரு நொதி இருக்கு, அது கொதிக்காம சூடா மட்டும் இருக்கற பால திரிய வெச்சிடும். நான் போட்டேன், பால் கட்டி கட்டியா போச்சு, பால் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு புது பாக்கெட் உடைச்சேன், அதுலயும் இஞ்சிய போட்டேன், அதுவும் போச்சு. தண்ணில நல்லா கொதிச்சிடுச்சுன்னா அந்த நொதி செத்துடும், பிரச்சனை இல்ல.

ஸ்டெப் 2: பால்

பிரிட்ஜ்லேர்ந்து எடுத்த சில்லுனு இருக்கற பால்ல ஆரம்பிங்க. சிம்ல வெச்சு சூடு பண்ணுங்க, கொதிக்க விடாதீங்க. 60லேர்ந்து 65 டிகிரிதான் டார்கெட். தெர்மாமீட்டர் இல்லன்னா கண்ணால பாத்துக்கலாம்: ஆவி லேசா மெதக்கும், பாத்திரத்தோட ஓரத்துல முத்து மாதிரி பொடி குமிழி ஒன்னு ரெண்டு தலை காட்டும், அப்பவே இறக்கிடுங்க. இன்னும் கொஞ்ச நேரம்னு ஆசைப்பட்டு விட்டா 70 டிகிரி தாண்டினதும் பாலோட புரதம் உருமாற ஆரம்பிச்சு அந்த காய்ச்சின வாசனை ஏறிடும், இன்னும் போனா ஏடு கட்டும், ஏடு கட்டின பால அடிச்சா நுரைக்குள்ள துணுக்கு துணுக்கா மெதக்கும், பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். 65 டிகிரிலதான் பால் தானா இனிப்பாவும் தெரியும், சர்க்கரைய குறைச்சு பாருங்க, நம்புவீங்க.

எந்தப் பால்னு கேட்டா, கொழுப்பு நீக்கின பால்ல நுரை உசரமா எழும்பும் ஆனா காஞ்சு போன மாதிரி இருக்கும், கொழுப்பு உள்ள பால்ல நுரை கம்மி ஆனா வழவழன்னு இருக்கும். என் ஓட்டு கொழுப்புப் பாலுக்குத்தான். பால் ஒத்துக்காதவங்க ஓட்ஸ் பால் எடுத்துக்கலாம், அதுலயும் பாரிஸ்டான்னு போட்டிருக்கறத வாங்குங்க, அதுல எண்ணெயும் புளிப்ப சமன் பண்ற உப்பும் சேர்த்திருப்பாங்க, நுரையும் நிக்கும் சூட்டுல திரியவும் திரியாது. பாதாம் பால் சில சமயம் பிரிஞ்சு போகும். செம்பருத்தி டீ மாதிரி புளிப்பா இருக்கற எதுக்கும் எந்தப் பாலும் வேணாம், திரிஞ்சிடும்.

ஸ்டெப் 3: நுரை

கையில புடிக்கற பேட்டரி ஃப்ராதர் இருந்தா: கம்பிய முதல்ல பாலுக்குள்ள விட்டுட்டு அப்புறமா ஆன் பண்ணுங்க. வெளிய வெச்சு ஆன் பண்ணிட்டு உள்ள விட்டீங்கன்னா சுவர், சட்டை, போன் எல்லாத்துக்கும் பால் அபிஷேகம் நடக்கும். ஆன் பண்ணதும் முனைய மேல்மட்டத்துக்கு சரியா கீழ புடிங்க, கிர்ருனு ஒரு சத்தம் வரும், காத்து உள்ள போகுதுன்னு அர்த்தம், இது ஒரு 10, 15 செகண்ட். அப்புறம் கம்பிய ஆழமா இறக்கி இன்னொரு 15 செகண்ட், இது பெரிய குமிழிகள உடைச்சு பொடியாக்கறதுக்கு. பால் சுமாரா ஒன்னரை மடங்கு ஆனதும் நிறுத்திடுங்க.

ஃப்ரெஞ்ச் பிரஸ், அதாவது நடுவுல அமுக்கற வலைக்கம்பி இருக்கற காபி ஜாடி, இருந்தா அதுல சூடான பால பாதிக்கும் கீழ ஊத்தி 20, 25 தடவ மேலயும் கீழயும் இழுங்க, உண்மைய சொன்னா எனக்கு புடிச்ச நுரை இதுலதான் வருது.

ஒன்னுமே இல்லன்னா பாட்டில், இதுக்கு மட்டும் ஸ்டெப் 2ல சொன்ன மாதிரி பால முன்னாடியே சூடு பண்ண வேணாம். சில்லுனு இருக்கற பால பாட்டில்ல பாதி அளவு ஊத்தி மூடிய இறுக்கி கை வலிக்கற வரைக்கும், ஒரு 45 செகண்ட் குலுக்குங்க. அப்புறம் மூடிய கழட்டிட்டு மைக்ரோவேவ்ல 30லேர்ந்து 40 செகண்ட். நுரை மேல எழும்பி செட் ஆயிடும். வரிசைய மாத்தி சூடான பால மூடி போட்டு குலுக்காதீங்க, உள்ள ஆவி அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும், கை வெந்துடும். ரெண்டு பாத்திரத்துல மாத்தி மாத்தி ஊத்தி ஆத்தினாலும் நுரை வரும், ஆனா குமிழி பெருசா இருக்கும், சீக்கிரம் அடங்கிடும்.

எதுல அடிச்சாலும் கடைசில பாத்திரத்த மேடைல ரெண்டு தட்டு தட்டி, வட்டமா சுழட்டுங்க. மேல இருக்கற முட்டை முட்டை குமிழியெல்லாம் டப்பு டப்புன்னு உடைஞ்சு, பால் ஈர பெயிண்ட் மாதிரி பளபளன்னு ஆகும். அதுதான் பதம். உடனே ஊத்திடணும், ரெண்டு நிமிஷம் விட்டா நுரை மேலயும் பால் கீழயும் பிரிஞ்சு தனித்தனி குடித்தனம்.

ஸ்டெப் 4: ஊத்தறது

கப்ல முன்னாடியே கொஞ்சம் வெந்நி ஊத்தி வெச்சு அத கொட்டிட்டு ஆரம்பிங்க, இல்லன்னா 65 டிகிரி பாலும் கனமான பீங்கான் கப்பும் சேர்ந்தா நாலு வாய்ல ஆறிடும். டிகாஷன ஊத்துங்க. ஸ்பூனால நுரைய தடுத்துக்கிட்டு பால மட்டும் மெதுவா ஊத்துங்க, கலர் நல்ல காவிக்கு வரும். கடைசியா நுரைய அள்ளி மேல வெச்சிடுங்க. வெளிர் மஞ்சளா நின்னுச்சுன்னா அடுத்த தடவ தூள் அரை ஸ்பூன் கூட.

வேற டீ வெச்சு பண்ணலாமா?

தாராளமா. இந்தக் குடும்பத்துல நல்லா பேர் வாங்கின ஒன்னு லண்டன் ஃபாக், பேர்தான் லண்டன், பொறந்தது 1990கள்ல கனடாவோட வான்கூவர்ல. பெர்கமாட்ங்கற ஆரஞ்சு வகை பழத்தோட தோல் எண்ணெய் சேர்த்த ஏர்ல் கிரே டீய மேல சொன்ன மாதிரியே திக்கா இறக்கி, கால் டீஸ்பூன் வெனிலா எசன்ஸ் விட்டு, பால் ஊத்தினா அதுதான். ஆரம்பிக்கறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதத்தான், வாசனையே பாதி வேலைய பாத்துடும்.

மாட்சான்னா, அதாவது பொடியா அரைச்ச க்ரீன் டீன்னா, கதை வேற, அதுல வடிகட்டறதே கிடையாது, இலைப் பொடியையே குடிக்கறோம். 2 கிராம் பொடிய சலிச்சுக்கோங்க, சலிக்கலன்னா கட்டி கட்டியா வாய்ல மாட்டும், 80 டிகிரி தண்ணி 60 மில்லி ஊத்தி விஸ்க்கால முன்னும் பின்னுமா வேகமா அடிங்க. கொதிக்கற தண்ணி ஊத்தினா கசக்கும். ஃப்ராதர் வெச்சும் அடிக்கலாம், பரவால்ல.

ராத்திரி தூக்கம் கெடக் கூடாதுன்னா ரூய்போஸ். தென் ஆப்ரிக்கால விளையற ஒரு செடி, தேயிலையே இல்ல, காஃபீனும் கிடையாது. 8 நிமிஷம் ஊற விட்டாலும் கசக்காது, மேல நான் கத்தின நேர விதி இதுக்கு மட்டும் பொருந்தாது. நம்ம ரெண்டு ஸ்பூன் பிளாக் டீ லாட்டேல காஃபீன் சாதாரண டீய விட கூடத்தான், சாயங்காலம் லேட்டா குடிச்சுட்டு சீலிங்க பாத்துட்டு படுத்திருக்கற ஆளு சொல்றேன். இலைய ஊற வெச்சு வடிகட்டற சாதா க்ரீன் டீய மட்டும் விட்டுடுங்க, பால் ஊத்தினா ஒரு மாதிரி கீரை வேக வெச்ச தண்ணி வாசனை வரும், எனக்கு புடிக்கல.

தினமும் போடறவங்க டிகாஷன மட்டும் நாலு கப்புக்கு சேர்த்து இறக்கி, ஆறினதும் பாட்டில்ல ஊத்தி பிரிட்ஜ்ல வெச்சா ரெண்டு நாள் ஓடும். லேசா கலங்கின மாதிரி தெரியும், பயப்படாதீங்க, கெட்டுப் போகல, டானினும் காஃபீனும் குளிர்ல ஒட்டிக்கறதுதான் அது, சூடு பண்ணா தெளிஞ்சிடும். பால் கலந்து மட்டும் வெக்காதீங்க.

அப்புறம் ஃப்ராதர அப்படியே சிங்க்ல போட்டுட்டு டீய எடுத்துட்டு போய் உக்காந்துடாதீங்க, பால் காஞ்சா அந்த சுருள் கம்பி இடுக்குல போய் கல்லு மாதிரி ஒட்டிக்கும். ஒரு டம்ளர் வெந்நில முக்கி அஞ்சு செகண்ட் ஓட விட்டா முடிஞ்சது, அதுக்குள்ள நுரை ஒன்னும் ஓடிடாது.